வாணி விழா எத்தனை மணிக்கு முடிந்தது? ஓர் ஆண்கள் பாடசாலையின் மாரிகாலத் தவணை: நிகழ்வு ஆய்வு

மஞ்சள் அட்டையில் வீணையோடு சரஸ்வதி படம். அதன் கீழே "விஜயதசமி, காலை 8.00 மணி" என்று இருக்கும். எங்கள் பாடசாலையின் வாணி விழா அழைப்பிதழ் எனக்குத் தெரிந்த காலம் முழுக்க இப்படித்தான் இருந்தது. விழா எத்தனை மணிக்கு முடியும் என்று ஒரு வருடமும் போட்டதில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

திருகோணமலை நகரத்தில் ஓர் ஆண்கள் பாடசாலையில் கற்பிக்கிறேன். ஒழுக்கக் குழுவிலும் இருக்கிறேன். மூன்றாம் தவணை தொடங்கும்போது பெற்றோருக்குப் போகும் பாதுகாப்பு அறிவித்தலை எழுதுவது பல வருடங்களாக என் பொறுப்பு. இரண்டு வருடங்களுக்கு முன், அந்த அறிவித்தல் எல்லா வீட்டுக்கும் போய் மூன்று வாரம் கழித்து, எங்கள் பையன் ஒருவன் கடலில் இழுபட்டுப் போனான். அவன் உயிரோடு இருக்கிறான், நன்றாக இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான், நாங்கள் கொடுத்த கடதாசி ஏன் அவனைத் தடுக்கவில்லை, பிறகு என்ன செய்தோம் என்பதை மற்றப் பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். பெயர்கள் எதுவும் வராது. அவனுடைய அம்மா முழுவதையும் வாசித்து, "போடுங்க சேர்" என்று சொன்ன பிறகே வெளியே விடுகிறேன்.

எங்கள் மூன்றாம் தவணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருடத்தில் கொண்டாட்டம் எல்லாம் வந்து குவிவது இந்தத் தவணையில்தான். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். நவராத்திரி, வாணி விழா, தீபாவளி, கந்தசஷ்டி, சூரன்போர், கார்த்திகை விளக்கீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவில் ஒளி விழாவுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் ஒத்திகை. வானிலை புரள்வதும் இதே மாதங்களில்தான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், வெள்ளைக்காரர்கள் வந்து மிதப்பார்கள். ஐப்பசி பிறந்தால் காற்றுத் திரும்பிவிடும். வாடை எழும்ப எழும்ப அலை உயரும். எங்கள் ஊரின் மழையில் பெரும்பங்கு நவம்பர், டிசெம்பரில் கொட்டித் தீர்க்கும். ஆகவே பிள்ளைகள் அதிகமாக வெளியே திரியும் மாதங்களும், வெளியே திரிய ஆகாத மாதங்களும் எங்களுக்கு ஒன்றுதான். அறிவித்தல் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே எனக்கு இது தெரியும். தெரிந்தும் பிழை விட்டேன்.

இனி அந்த நாள்.

அது முதல் நாள் இரவே தொடங்கிவிட்டது. நவராத்திரி என்றால் எங்கள் ஊரில் கொலுவோடும் சுண்டலோடும் முடியாது. கும்ப விழா திருகோணமலைக்கே உரியது. ஒவ்வொரு பகுதியிலும் கும்பத்து மால் (கும்பம் வைக்கும் பந்தல்) போட்டு வழிபட்டு, கடைசி இரவுகளில் கும்பங்கள் வீதிவலம் வரும். பையன்கள் பின்னாலேயே விடிய விடியத் திரிவார்கள். நாங்களும் அப்படித் திரிந்தவர்கள்தான். கடலில் இழுபட்ட பையனும் அவனோடு போன நாலு நண்பர்களும், அந்த ஐந்து பேரும், அன்று இரவு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொள்ளவில்லை. காலையில் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, எட்டு மணிக்கு மண்டபத்தில் இருந்தார்கள். எல்லோரும் தரம் 9.

விழா 8.15க்குத் தொடங்கியது. பூசை, சகலகலாவல்லி மாலை, ஏடு தொடக்கல், பேச்சு, வில்லுப்பாட்டு. பத்து மணிக்கு மழை ஓங்கிப் பெய்தது. மேடைக்கு வெளியிலிருந்து இழுத்திருந்த வயர் நனைந்து, மின்சாரத்தைத் தானாக வெட்டும் ரிப் சுவிட்ச் விழுந்தது. (அது விழுந்தது நல்லது. விழாத சுவிட்ச் உள்ள மண்டபங்களில் நனைந்த ஒலிவாங்கியைப் பிள்ளைகள் பிடிப்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.) பிரதம விருந்தினருக்கு இன்னொரு பாடசாலைக்கும் போக வேண்டியிருந்தது. இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு 10.40க்கு நன்றியுரை சொல்லி முடித்தோம். பையன்கள் அவலும் கடலையும் வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

பாடசாலை வழமையாக விடுவது 1.30க்கு. வான்கள் வருவதும், தம்பலகாமம், நிலாவெளிப் பக்கம் போகும் பிள்ளைகள் பஸ் எடுப்பதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். 10.40க்கும் 1.30க்கும் இடையே இரண்டு மணி ஐம்பது நிமிடம். அந்த நேரத்தில் வாசலில் கடமைக்கு யாரையும் போடவில்லை. எங்கள் கணக்கில் விழா முடிந்துவிட்டது, அவ்வளவுதான். நான் மேடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கிட்டத்தில் வீடு உள்ளவர்கள் நடந்து போனார்கள். மிச்சம் அறுபது பேர் மட்டில் இருந்திருப்பார்கள். சிலர் வகுப்பில் கரம் விளையாடினார்கள். பத்துப் பேர் கோணேசர் கோயிலுக்கு ஏறப் போய், வழியில் கோட்டைக்குள் மான்களுக்கு அவல் போட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த ஐந்து பேரும் மழை விட்டதும் டச் பே கடற்கரைக்கு நடந்தார்கள். குளிக்கிற எண்ணம் இல்லை என்றுதான் ஐந்து பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். நான் நம்புகிறேன். வேட்டியை மடித்து மணலில் வைத்துவிட்டுக் கால் நனைக்கத்தான் இறங்கியிருக்கிறார்கள். இறங்கிய இடத்தை அவர்களே தெரிந்தெடுத்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலை குறைந்து, கொஞ்சம் கறுத்து, அமைதியாக இருந்ததாம்.

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த அமைதி என்னவென்று தெரியும். அலை கரைக்குத் தள்ளும் தண்ணீர் எங்கேயோ ஒரு வழியால் திரும்பிப் போக வேண்டும். அடியில் மணல் பள்ளமான இடமாகப் பார்த்து அது ஒடுங்கிய ஆறு மாதிரி உள்ளே ஓடும். ஆழம் கூடிய இடத்தில் அலை உடையாது. ஆகவே கரையில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தெரியும். அந்தப் பையன் குளத்தில் நீந்தப் பழகியவன், நன்றாகவே நீந்துவான். இடுப்பளவுத் தண்ணீரில் கால் எடுபட்டதும் கரையை நோக்கி முழு மூச்சாக நீந்தியிருக்கிறான். ஓட்டத்துக்கு எதிரே நீந்தி யாரும் வென்றதில்லை. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் கொஞ்சத் தூரம் போனால் இழுவை விட்டுவிடும், பிறகு அலையே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். குளத்தில் ஓட்டம் இல்லை, அதனால் இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நித்திரை இல்லாத உடம்பு வேறு, விரைவில் களைத்துவிட்டது.

அவன் கத்தவில்லை என்பதை நண்பர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விளையாடுகிறான் என்று நினைத்தார்களாம். மூழ்குகிறவனுக்குக் கத்த மூச்சு இருக்காது, கை தூக்கி ஆட்டவும் முடியாது. தலை பின்னால் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். பார்க்கிறவனுக்கு அது சும்மா நிற்பது போலத் தெரியும்.

கரையில் தோணிக்குப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கண்டார். எழும்பி ஓடி, மீன் பெட்டியின் ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரை அட்டை) மூடியை ஒரு கையில் எடுத்து, கயிற்று முனையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். மூடியை முதலில் பையனிடம் தள்ளினார். அவன் அதைப் பிடித்த பிறகே கிட்டப் போனார். வெறுங்கையோடு கிட்டப் போயிருந்தால் அவன் அவருடைய கழுத்தைப் பிடித்திருப்பான். இப்படி ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் போன கதைகள் எங்கள் கரையில் நிறைய உண்டு.

கரைக்குக் கொண்டுவந்தபோது மூச்சு இருந்தது. குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் ஓடி வந்தார்கள். காலங்காலமாக இங்கே செய்வது அதுதான். அமுக்கினால் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, சூடாகப் போர்த்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும் நெஞ்சை அமுக்குவதும். தேத்தண்ணீர்க் கடை அக்கா ஒருவர் அதற்குள் 1990 அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டார். பையன் எழும்பி இருந்து, "எனக்கு ஒண்டும் இல்ல, வீட்ட போறன்" என்றானாம். நல்ல காலம், யாரும் விடவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போனவருக்குச் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சு முட்டலாம். அவனுக்கும் அன்று பின்னேரம் முட்டியது. வைத்தியசாலையில் இருந்தபடியால் ஒட்சிசன் கொடுத்தார்கள். இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

எங்களுக்குத் தகவல் கொண்டுவந்தவர் ஓட்டோ ஓடும் பழைய மாணவர் ஒருவர். ஏன் பையன்கள் யாரும் வீட்டுக்கோ பாடசாலைக்கோ அழைக்கவில்லை என்று பிறகு கேட்டோம். பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதிதான், இப்போதும் அது இருக்கிறது. கடையில் போன் வாங்கிக் கதைக்கலாமே என்றால், ஐந்து பேரில் நாலு பேருக்கு அம்மாவின் இலக்கம் மனப்பாடம் இல்லை. "அது என்ட போனில இருக்கு சேர்" என்றான் ஒருவன்.

அடுத்த கிழமை அதிபர், நான், தரப் பொறுப்பாசிரியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இரண்டு பெற்றோர் இருந்து விசாரித்தோம். பையன்களுக்குத் தண்டனை இல்லை என்று அதிபர் முதலே சொல்லிவிட்டார். நான் அதை எதிர்த்தேன். தண்டிக்காவிட்டால் நாளைக்கு ஐம்பது பேர் போவார்கள் என்றேன். அதிபர் சொன்னார்: "தண்டிச்சா இவங்கள் சொல்லுற கதை பொய்யாத்தான் இருக்கும். எனக்கு உண்மையான கதை வேணும்." அவர் சரி, நான் பிழை. மேலே எழுதிய அத்தனையும் அந்தப் பையன்கள் பயமில்லாமல் சொன்னதால்தான் கிடைத்தது.

பிறகு என் அறிவித்தலை மேசையில் விரித்து வைத்தோம். ஒரு பக்கம், பதினேழு விடயங்கள். தலைமயிர் வெட்டுவது முதலாவது. டெங்கு, தலைக்கவசம், பட்டாசு, அந்நியரோடு பேசாமை எல்லாம் இருந்தன. ஒன்பதாவது: "மழைக்காலமாகையால் கடல், குளங்களில் நீராடுவதை முற்றாகத் தவிர்க்கவும்." முந்திய வருடத்ததை எடுத்துத் திகதியை மட்டும் மாற்றியிருந்தேன். கீழே வெட்டிக் கையெழுத்திட்டு அனுப்பும் துண்டு ஒன்றும் இருந்தது. அந்த ஐந்து வீடுகளில் மூன்றிலிருந்து துண்டு வந்திருந்தது. அதில் ஒன்றில் அம்மாவின் கையெழுத்தைப் பையனே போட்டிருந்தான், அதையும் அவனே சொன்னான்.

அன்று காலை மழை விட்ட நேரத்தில், வான் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்க, வாசல் திறந்து கிடக்க, கால் மணி நேர நடையில் கடல் இருக்க, "முற்றாகத் தவிர்க்கவும்" என்ற இரண்டு சொல் என்ன செய்யும்? கடலில் குளிக்கக் கூடாது என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்துக்கு எங்கே இருக்க வேண்டும் என்றுதான் யாரும் சொல்லவில்லை.

சங்கத்திலிருந்து வந்த அப்பா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகனும் அந்த ஐவரில் ஒருவன், கரையில் நின்றவன். "அண்டைக்கு மகன் எத்தனை மணிக்கு வீட்ட வருவான் எண்டு நினைச்சீங்க?" என்று அதிபர் கேட்டார். விழா என்றால் பிந்தும்தானே, இரண்டு மூன்று மணி ஆகும் என்று நினைத்தேன் என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். அவருடைய மகள் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிக்கிறாள், அன்று அங்கேயும் வாணி விழா. விழா எத்தனை மணிக்கு முடியும் என்று முதல் நாள் ஒரு தரமும் அன்று காலை ஒரு தரமும் ஆசிரியைக்கு அழைத்துக் கேட்டிருக்கிறார். வேலையில் லீவு எடுத்து, முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னரே வாசலில் போய் நின்றிருக்கிறார். "பொடியனுக்குக் கேக்கேல்ல சேர்," என்றார். "ஆம்பிளைப் பிள்ளைதானே, வருவான் எண்டு இருந்திட்டன்."

அந்த மேசையில் இருந்த ஒருவராலும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. பாடசாலை என்ற வகையில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பெண் பிள்ளை என்றால் கைமாற்றிக் கொடுக்கும் வரை பொறுப்பு, ஆண் பிள்ளைக்கு வாசலைத் திறந்துவிட்டால் போதும் என்று பதினைந்து வருடமாக நடந்திருக்கிறேன். பதினான்கு வயதுப் பையனைக் கண்காணிப்பது அவனை அவமதிப்பது என்று ஓர் எண்ணம் எங்கள் ஆட்களிடம் ஊறிக் கிடக்கிறது. பையன்கள் அதைத் துணிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஐவரில் ஒருவனிடம், ஏன் வீட்டுக்கு அழைத்து முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை என்று கேட்டபோது, "அதெல்லாம் பொம்பிளைப் பிள்ளையள் செய்யிற வேலை சேர்" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறான். இந்த ஆய்வில் நான் கண்ட காரணங்களில் ஆக ஆழமானது இதுதான். காற்று, இழுவை, மழை, மின்சாரம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நாங்கள் மாற்றியவை பெரிய காரியங்கள் இல்லை.

எந்த நிகழ்வின் அழைப்பிலும் முடியும் நேரம் அச்சாகும். நிகழ்வு முந்தி முடிந்தாலும் அந்த நேரம் வரை பிள்ளைகள் வளவுக்குள்தான் இருப்பார்கள், பொழுதுபோக்கு ஒழுங்கு செய்வது எங்கள் வேலை. வான்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணீரோடு கதைத்தோம். இதுவரை யாரும் தங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை என்று ஒருவர் சொன்னார். எந்தப் பிள்ளை எந்த வானில் என்ற பட்டியல் அவர்களிடம் மட்டுமே இருந்தது, இப்போது காவலாளியின் மேசையிலும் இருக்கிறது. விழா நாட்களில் அவர்கள் 1.30ஐப் பார்ப்பதில்லை, எங்கள் குறுஞ்செய்தியைப் பார்க்கிறார்கள். தரம் 6 முதல் 9 வரை எல்லோரும் வீட்டு இலக்கம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117, சிறுவர் உதவி 1929, இவற்றையும் சேர்த்து. திங்கட்கிழமைக் காலை இடாப்புக் கூப்பிடும்போது வகுப்பாசிரியர் இரண்டு பேரைக் கேட்பார்.

பதினேழு விடய அறிவித்தலை நான் கிழித்துப் போட்டேன். இப்போது நிகழ்வுக்கு ஒரு துண்டு, நிகழ்வுக்கு முதல் நாள் மட்டும், நாலு வரிக்கு மேல் இல்லை. தீபாவளித் துண்டு நமத்துப் போன வெடியைப் பற்றி மட்டும் பேசும். எங்கள் ஊரில் தீபாவளி மழையில் வரும், வெடி ஈரமாகும், திரி புகைந்து நின்றுவிடும், பையன் கிட்டப் போய்க் குனிந்து ஊதுவான், அப்போதுதான் முகத்துக்கு நேரே வெடிக்கும். "வெடிக்காத வெடிக்குக் கிட்டப் போகாதே, தூர நின்று ஒரு வாளி தண்ணீர் ஊற்று. சுட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடி, பற்பசை பூசாதே." அவ்வளவுதான். விளக்கீட்டுத் துண்டு சொக்கப்பானை பற்றியது. காய்ந்த ஓலை பிடித்து எரியும்போது காற்று எந்தப் பக்கம் சாய்க்கும் என்று யாருக்கும் தெரியாது, நைலோன் கலந்த சேர்ட்டில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி உடுப்புப் போடு, சொக்கப்பானை உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நில். டெங்குத் துண்டு எழுத எனக்கு நேரம் எடுக்கவில்லை. 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வளவைச் சுற்றி வந்து தேங்கிய தண்ணீரைக் கவிழ்க்கும் வேலையைப் பையன்களிடம் கொடுக்கும்படி மட்டும் வீட்டாரைக் கேட்டேன்.

மழைத் துண்டு எழுதத்தான் கஷ்டப்பட்டேன். வானிலை மோசமானால் பாடசாலையை நேரத்தோடு விடுவது வழக்கம். அதாவது வாணி விழா நாளில் திறந்த அதே இடைவெளி, அதைவிட மோசமான வானிலையில். 2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு மாவடிப்பள்ளியில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வீதியைக் குறுக்கறுத்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பல பிள்ளைகள் போனார்கள். அதே கிழமை உயர்தரப் பரீட்சையையே சில நாட்கள் நிறுத்த வேண்டி வந்தது. எங்கள் மாவட்டத்திலேயே 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தபோது பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இந்த இரண்டையும் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. வேகமாக ஓடும் வெள்ளம் அரை அடி இருந்தாலே வளர்ந்தவரை விழுத்தும், ஒரு அடி இருந்தால் சிறிய காரை நகர்த்தும். ஆகவே மழைக்கு எங்கள் விதி அந்த வழக்கத்துக்கு நேர்மாறு. முந்தி விடுவதற்கு முன் வீதியை விசாரிக்கிறோம், வெள்ளம் குறுக்கே ஓடும் பாதையில் வரும் பிள்ளைகளை அனுப்பாமல் வைத்துக்கொள்கிறோம், வீட்டிலிருந்து ஒருவர் வந்தால்தான் கொடுப்போம். போன மாரியில் ஒரு நாள் பதினொரு பிள்ளைகள் மாலை ஆறு மணி வரை எங்களோடு இருந்தார்கள். விடுதிச் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பையன்களைத் தொட்டது அந்தக் கடற்றொழிலாளி வந்து பேசியதுதான். காலைக் கூட்டத்துக்கு வரச் சொல்லி நானே போய்க் கேட்டேன். "நான் என்னத்தை மாஸ்டர் பேச, எனக்கு மேடை தெரியாது" என்றார். மேடைக்கு ஏறவில்லை, மைக் பிடிக்கவில்லை. முற்றத்தில் பையன்களை வட்டமாக இருக்கச் சொல்லி, மணலில் ஒரு தடியால் கரையைக் கீறினார், அலையைக் கீறினார், நடுவில் இழுவையைக் கீறினார். "தம்பிமார், அலை இல்லாத இடம்தான் கடலின்ர வாய்" என்றார். பிறகு எப்படிப் பக்கவாட்டில் போவது, எப்படி மல்லாந்து மிதந்து மூச்சு எடுப்பது, நண்பன் இழுபட்டால் பின்னால் குதிக்காமல் என்னத்தை எறிவது என்று காட்டினார். மூடி போட்ட வெறும் போத்தல், காற்பந்து, ரெஜிபோம், எதுவானாலும் மிதக்கிறதை எறி என்றார். இருபது நிமிடம். ஒரு பையனும் அசையவில்லை. கடைசியில் ஒருவன் கேட்டான், "ஐயா, நீங்க பயப்படுவீங்களா?" அவர் சொன்னார், "ஒவ்வொரு நாளும். பயமில்லாதவன் ஒருத்தனும் இந்தத் தொழில்ல வயசாகேல்ல."

பொம்பிளைப் பிள்ளையின் வேலை என்று சொன்ன அந்தப் பையன் முதல் வரிசையில் இருந்தான். அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிவராதவையும் உண்டு. வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். இரண்டே கிழமையில் காலை வணக்கப் படங்களிலும் ரியூசன் விளம்பரங்களிலும் எங்கள் செய்தி அமிழ்ந்து போனது. இப்போது பாடசாலை மட்டும் எழுதக்கூடிய குழுவாக மாற்றியிருக்கிறோம், ஆனாலும் கைபேசியில் இணையம் போடாத வீடுகளுக்கு அது போகாது. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் இன்னும் அம்மாமார்தான். அப்பாமாரில் பலர் கடலில், பலர் வெளிநாட்டில், மிச்சப் பேர் "நீ போய்க் கேட்டுட்டு வா" என்கிறார்கள். முந்தி முடிந்த விழா நாளில் வளவுக்குள் வைத்திருப்பதைப் பெரிய வகுப்புப் பையன்கள் சிறை என்கிறார்கள், தரம் 12, 13ஐ எப்படிக் கையாள்வது என்று எங்களுக்குள் இன்னும் ஒத்த முடிவு இல்லை. கும்ப இரவு நித்திரைக்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. அது ஊரின் இரவு, அதைத் தொட எங்களுக்கு உரிமை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். விஜயதசமியன்று விழாவை எட்டுக்குப் பதில் ஒன்பதுக்குத் தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

கடலில் இழுபட்ட அந்தப் பையன் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். முதல் ஒரு வருடம் கடற்கரைப் பக்கமே போகவில்லை. போன ஆவணியில், கடல் அமைதியாக இருந்த நாட்களில், அந்தக் கடற்றொழிலாளியே அவனைக் கூட்டிக்கொண்டு போய் உப்புவெளிக் கரையில் இறக்கி மிதக்கப் பழக்கினார் என்று அம்மா சொன்னார். அவர் வீட்டுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் இவர்கள் வீட்டிலிருந்து பலகாரம் போகிறது.

இந்த வருட வாணி விழா அழைப்பிதழிலும் அதே மஞ்சள் அட்டை, அதே வீணை. கீழே "காலை 9.00 முதல் 11.30 வரை". முதல் நாள் பின்னேரமும் இரவும் என் போனுக்கு அழைப்புகள் வந்தபடி இருந்தன. இரவு பத்து மணிக்கு வந்தது ஓர் அப்பாவினுடையது, வெளிநாட்டு இலக்கம். மகன் தரம் 7.

"சேர், நாளைக்கு விழா எத்தனை மணிக்கு முடியும்?"

அழைப்பிதழில் இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை. "பதினொன்றரை," என்றேன். "யார் வருவாங்க கூட்டிக்கொண்டு போக?"